உலோகத்தினுள் ஒரு பரப்பு



இந்தப் பேச்சு உங்கள் செவிக்கு வந்து சேரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் செம்புக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றும், அதில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அவை கூட்டமாக முன்னேறும் வேகம் எவ்வளவு தெரியுமா? ஒரு மணி நேரத்தில் ஒரு சாணுக்குச் சற்று அதிகம்; அவ்வளவுதான். நத்தைகூட அவற்றை முந்திவிடும். ஆயினும் அதே கம்பியில், மின்னோட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வினாடிக்கு ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் விரைந்துகொண்டிருக்கும் எலெக்ட்ரான்களும் உள்ளன.

இவ்விரண்டும் ஒரே செம்பைப் பற்றிய உண்மைகள். இவை ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பதை விளக்கும் கருத்துக்குப் 'பெர்மிப் பரப்பு' என்று பெயர். அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

கல்லூரியில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை எழுப்புவார். "ஐயா, அந்தப் பரப்பு உலோகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?" என்பார். எந்த இடத்திலும் இல்லை என்பதே அதற்கு விடை. உடனே, "அப்படியானால் அது வெறுங் கற்பனைதானே?" என்று அடுத்த வினா வரும். நல்ல வினா. இடமில்லாத ஒன்றை உண்மையென்று எப்படி ஒப்புக்கொள்வது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பௌதிக அறிஞர்கள் பல்லாண்டு உழைத்திருக்கிறார்கள்.

முதலில் இக்கருத்து ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். ஜே. ஜே. தாம்சன் 1897ஆம் ஆண்டில் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1900ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் டுரூட, பாத்திரத்தில் அடைபட்ட வாயுவின் மூலக்கூறுகளைப்போல எலெக்ட்ரான்கள் உலோகத்தினுள் கட்டற்றுத் திரிகின்றன என்றார். உலோகங்கள் மின்சாரத்தையும் வெப்பத்தையும் நன்கு கடத்துவதன் காரணம் அதனால் விளங்கிற்று. ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. ஒரு கிராம் அணு எடையுள்ள திடப்பொருளை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 6 கலோரி வேண்டும் என்பது தூலோங், பெட்டி என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1819ஆம் ஆண்டில் கண்ட விதி. உலோகத்தில் அணுக்களோடு எலெக்ட்ரான்களும் வெப்பத்தை ஏற்குமாயின், அணுவுக்கு ஓர் எலெக்ட்ரான் என்று கொண்டாலும், 9 கலோரி தேவைப்பட வேண்டும். அளந்து பார்த்தாலோ செம்புக்கும் 6 கலோரிதான்! மின்சாரம் என்றவுடன் ஓடிவந்து வேலை செய்யும் எலெக்ட்ரான்கள், வெப்பம் என்றவுடன் வீட்டில் ஆளில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டன. கால் நூற்றாண்டுக்கு மேல் இப்புதிர் அவிழவில்லை.

புதிரை அவிழ்க்கும் திறவுகோலை 1925ஆம் ஆண்டில் வோல்ப்காங் பௌலி தந்தார். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருத்தல் இயலாது என்பது அவர் கண்ட விதி. இதனை ஓர் உவமையால் விளக்குகிறேன்.

தெப்பத் திருவிழா இரவை எண்ணிக்கொள்ளுங்கள். கோயில் குளத்தின் நான்கு புறமும் படிகள். தெப்பத்தை அருகிலிருந்து காணவேண்டும் என்று எல்லாரும் நீரை ஒட்டிய படியையே நாடுகிறார்கள். ஆனால் ஒரு படியில் இத்தனை பேர்தாம் அமரலாம் என்று ஓர் அளவு உண்டல்லவா? கீழ்ப்படி நிறைந்தபின் வந்தவர் அதற்கு மேற்படியில் அமர்கிறார். அதுவும் நிறைந்தபின் வந்தவர் அதற்கும் மேலே. இப்படி நிறைந்துகொண்டே போய் ஏதோ ஒரு படியோடு கூட்டம் முடிகிறது. அதற்கு மேலுள்ள படிகள் காலியாகக் கிடக்கின்றன. இப்போது நடுப்படியில் அமர்ந்திருப்பவர் எழுந்து ஒரு படி மேலே செல்ல நினைத்தால் முடியுமா? அங்கும் ஆட்கள் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். நினைத்தபோது எழுந்து நகரக்கூடியவர்கள் கூட்டத்தின் மேல்விளிம்பில் இருப்பவர்கள் மட்டுமே.

எலெக்ட்ரான்களும் இவ்வாறே ஆற்றற் படிகளைக் கீழிருந்து நிரப்புகின்றன. இக்கருத்தின் அடிப்படையில் புதிய கணித முறையை 1926ஆம் ஆண்டில் இத்தாலியரான என்ரிக்கோ பெர்மியும், இங்கிலாந்தில் டிராக்கும் தனித்தனியே வகுத்தனர். செம்பின் ஒரு கன சென்டிமீட்டரில் கட்டற்ற எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை, 85க்குப் பின் இருபத்தொரு சுழிகள் இட்டால் வரும் தொகை. இத்தனையும் படிகளில் அமர்ந்தால் மேற்படி எவ்வளவு உயரத்தில் இருக்கும்! அந்த ஆற்றலை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 80,000 டிகிரி ஆகும். சூரியனின் மேற்பரப்புகூட ஏறத்தாழ 5,500 டிகிரிதான். நம் அறையின் வெப்பம் இந்தக் கூட்டத்தின் மேல்விளிம்பைச் சிறிதே அசைக்கிறது. அடியில் இருப்பவை அசைவதில்லை. ஆதலால் அறையின் வெப்பநிலையில் எலெக்ட்ரான்கள் ஏற்கும் வெப்பம், பழைய கணக்குப்படி ஏற்கவேண்டியதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். கதவைச் சாத்திய காரணம் இப்போது புரிகிறதல்லவா?

பெர்மியின் முறையை உலோகங்களுக்குப் பொருத்தி இவ்விடையைக் கண்டவர் மியூனிக் நகரின் பேராசிரியர் ஆர்னால்ட் சாமர்பெல்ட். பௌலியின் ஆசிரியரும் அவரே. அவர் 1928ஆம் ஆண்டில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். அங்கே பயின்றுகொண்டிருந்த ஒரு மாணவர் பின்னர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் கற்றிருந்த பௌதிகம் அதற்குள் மாறிப்போயிற்று என்பதை அறிந்து அம்மாணவர் திகைத்தார். சாமர்பெல்ட் அச்சில் இருந்த தம் கட்டுரையின் படிகளை அவரிடம் கொடுத்தார். அதைப் பயின்று, அடுத்த ஆண்டிலேயே, புதிய கணித முறையைக் கையாண்டு எழுதிய கட்டுரையை இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் கண்ட அந்த மாணவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். செம்புக் கம்பிக்குரிய அதே கணக்கை அவர் பின்னர் விண்மீன்களுக்குப் பொருத்தினார். 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். தமக்குத் தெரிந்தது பழையதாகிவிட்டது என்று அறிந்தவுடன் புதியதைக் கற்கத் தொடங்கிய அந்த விரைவை மாணவர்கள் நெஞ்சிற் கொள்ளவேண்டும்.

இனி, 'பரப்பு' என்ற சொல்லுக்கு வருவோம். சந்தை முடிந்து மக்கள் ஊர்களுக்குத் திரும்புகிறார்கள். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி இடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அது போகும் திசையில், அதன் வேகத்துக்கு ஏற்ற தொலைவில், ஒரு புள்ளி வையுங்கள். மாட்டு வண்டிகள் நடுப்புள்ளியின் அருகிலும், சைக்கிள்கள் சற்று விலகியும், பேருந்துகள் வெகு தொலைவிலும் அமையும். இப்படத்தில் புள்ளியின் இடம் வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. எப்படிச் செல்கிறது என்பதையே காட்டும். எலெக்ட்ரான்களுக்கும் இத்தகைய படம் ஒன்றை வரைகிறோம். வேகத்துக்குப் பதிலாக உந்தத்தை எடுத்துக்கொள்கிறோம். தாளுக்குப் பதிலாக முப்பரிமாண வெளியைக் கொள்கிறோம். நிரம்பிய நிலைகள் எல்லாம் நடுவில் திரண்டு நிற்கும். காலி நிலைகள் வெளியே இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையே பெர்மிப் பரப்பு. உலோகத்தில் அதற்கு இடமில்லை என்று நான் கூறியதன் பொருள் இதுவே.

நத்தை வேகத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. பரப்பின் ஒரு புறத்தில் கிழக்கே விரையும் எலெக்ட்ரான்கள் எத்தனையோ, மறுபுறத்தில் மேற்கே விரைபவையும் அத்தனையே. ஆகவே நிகர ஓட்டம் இல்லை. மின்கலத்தை இணைத்தால் திரள் முழுவதும் ஒரு புறமாக மிகமிகச் சிறிதளவு நகர்கிறது. அந்தச் சிறு நகர்வே நாம் காணும் மின்னோட்டம்.

எலெக்ட்ரான்கள் முற்றிலும் கட்டற்றவையாயின் இப்பரப்பு பந்துபோல் உருண்டையாக இருக்கும். ஆனால் உலோகம் என்பது ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களின் படிகம். எலெக்ட்ரான் அலையாகவும் இயங்குவதால், அணு வரிசைகளின் இடைவெளியோடு அதன் அலை பொருந்தும் திசைகளில் அது தடுத்துத் திருப்பப்படுகிறது. இவ்வலைகள் படிகத்தினுள் செல்லும் முறையை 1928ஆம் ஆண்டில் பெலிக்ஸ் ப்ளாக் விளக்கினார். நம் உந்தப் படத்தில் இத்தடைகள் ஒரு கூண்டின் சுவர்களாக அமைகின்றன. செம்புக்கு அக்கூண்டு பதினான்கு முகங்கள் கொண்டது. எட்டு அறுகோணங்கள், ஆறு சதுரங்கள். சுவரை நெருங்குமிடத்தில் பெர்மிப் பரப்பு உருண்டை வடிவம் கெட்டுப் புடைக்கிறது. எனவே ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனி உருவம் உண்டு. அந்த உருவத்தை அளப்பது எப்படி?

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1930ஆம் ஆண்டில் ஹாலந்தின் லெய்டன் நகரில், டி ஹாஸ், வான் ஆல்பென் என்ற இருவர் பிஸ்மத் படிகத்தை உறைநிலைக்கு ஏறத்தாழ 259 டிகிரி கீழே குளிர்வித்து, காந்தப்புலத்தில் வைத்தார்கள். புலத்தைக் கூட்டக்கூட, பிஸ்மத்தின் காந்தத்தன்மை சீராகக் கூடாமல் ஏறியும் இறங்கியும் அலைபாய்ந்தது. அதே ஆண்டில் அதே ஆய்வுக்கூடத்தில் டி ஹாஸும் ருஷ்ய அறிஞர் லெவ் ஷுப்னிக்கோவும் பிஸ்மத்தின் மின்தடையிலும் இத்தகைய அலைவைக் கண்டனர். வியப்பு என்னவென்றால், அவ்வாண்டிலேயே இருபத்திரண்டு வயதினரான லெவ் லாண்டௌ இத்தகைய அலைவு எழவேண்டும் என்று கணித்திருந்தார். ஆனால் அதைச் சோதனையில் காண்பது அரிது என்றே அவர் கருதினார்!

அலைவு எழும் காரணத்தைக் கூறுகிறேன். வாழைமரத்தைக் குறுக்கே வெட்டினால் பட்டைகள் ஒன்றனுள் ஒன்றாக வட்டம் வட்டமாகத் தெரியும். வலிய காந்தப்புலத்தில், நம் படத்திலுள்ள எலெக்ட்ரான் நிலைகள் இவ்வாறே புலத்தின் திசையில் நீண்ட குழாய்களாகத் திரள்கின்றன. புலம் வலுக்க வலுக்கக் குழாய்கள் ஒவ்வொன்றும் பருக்கின்றன. பருத்துப் பருத்து, ஒரு குழாய் பெர்மிப் பரப்பின் மிகப் பரந்த இடையைவிடப் பெரிதாகும்போது, அதிலிருந்த எலெக்ட்ரான்கள் உட்குழாய்களுக்குப் போய்விடுகின்றன. அப்போதெல்லாம் காந்தத்தன்மையில் ஓர் அதிர்வு. இவ்வதிர்வுகளை எண்ணினால், புலத்துக்குச் செங்குத்தாக வெட்டிய பெர்மிப் பரப்பின் பரப்பளவு கிடைத்துவிடும் என்று 1952ஆம் ஆண்டில் லார்ஸ் ஆன்சாகர் காட்டினார். படிகத்தைத் திருப்பித் திருப்பி வைத்து எண்ணினால் எல்லாத் திசைகளிலும் பரப்பளவு தெரியும். அவற்றிலிருந்து உருவத்தைக் கட்டிவிடலாம்.

படிகத்தின் காந்தத்தன்மையை அளப்பதற்கு ஒரு நுட்பமான வழி, அதை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்ப்பது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930களில் கல்கத்தாவில் படிகங்களைப் படிக இழைகளில் தொங்கவிட்டு இத்தகைய அளவீடுகளை நிகழ்த்திப் புகழ்பெற்றார். 1941ஆம் ஆண்டில் கிராபைட்டிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்களைப் பற்றி கங்குலியோடு சேர்ந்து ஆய்வுரை வெளியிட்டார். இத்தகைய முறுக்கு முறையையே கேம்பிரிட்ஜின் டேவிட் ஷோன்பெர்க் பிஸ்மத்துக்குப் பயன்படுத்தினார்.

ஷோன்பெர்க்கின் பெயரைச் சொன்னவுடன் ஒரு துயரச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். அவர் 1937ஆம் ஆண்டில் மாஸ்கோ சென்று, தம் ஆசிரியர் கபிட்சாவின் நிலையத்தில் ஓராண்டு ஆய்வு நடத்தினார். லாண்டௌவும் அங்கே இருந்தார். ஷோன்பெர்க்கின் அளவீடுகளுக்குப் பொருந்தும் சூத்திரத்தை அவர் வருவித்துக் கொடுத்தார். அவை கொடிய ஆண்டுகள். கார்க்கோவ் நகரில் பணியாற்றிவந்த ஷுப்னிக்கோவ் 1937ஆம் ஆண்டு நவம்பரில் பொய்க் குற்றச்சாட்டின்பேரில் சுட்டுக் கொல்லப்பட்டார். லாண்டௌ 1938ஆம் ஆண்டில் சிறைப்பட்டார். கபிட்சாவின் முயற்சியால் ஓராண்டுக்குப் பின் வெளிவந்தார். ஷோன்பெர்க்கின் கட்டுரை 1939ஆம் ஆண்டில் வெளியாயிற்று; லாண்டௌவின் சூத்திரம் அவர் பெயராலேயே அதில் இணைப்பாக இடம்பெற்றது. இன்று நம் பாடநூலில் ஒரு வரியில் அடங்கும் அச்சூத்திரத்தைப் படிக்கும்போது, அதற்குப் பின்னால் இத்தனை அச்சமும் இழப்பும் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

பிஸ்மத்தில் அலைவைக் காண்பது ஓரளவு எளிது. அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே கட்டற்ற எலெக்ட்ரான்கள் உள்ளன. பரப்பு மிகச் சிறியது. அலைவுகள் விலகி விலகி வரும். செம்பிலோ பரப்பு பெரியது. குழாய்கள் நெருங்கி நிற்கின்றன. ஒரு லட்சம் காஸ் வலிமையுள்ள புலத்தில், வெறும் 17 காஸ் மாறினாலே ஓர் அலைவு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பூமியின் காந்தப்புலம் அரைக் காஸ் அளவே என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு லட்சத்தின் வலிமை புரியும். அத்தகைய புலம் வேண்டும், கடுங்குளிர் வேண்டும், மாசற்ற படிகமும் வேண்டும்.

ஆகவே செம்பின் உருவத்தை முதலில் கண்டது வேறொரு வழி. பிரையன் பிப்பர்ட் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் சிகாகோ நகரில் தங்கியிருந்தபோது, வெவ்வேறு திசைகளில் வெட்டிய தூய செம்புப் படிகங்களைக் குளிர்வித்து, அவற்றின் மேற்புறம் நுண்ணலைகளை எவ்வளவு உட்கொள்கிறது என்று அளந்தார். அந்த அளவு பெர்மிப் பரப்பின் வளைவைப் பொறுத்தது. 1957ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு இது: செம்பின் பரப்பு தனித்த உருண்டையன்று, எட்டு அறுகோணச் சுவர்களையும் நோக்கிக் கழுத்துக்களை நீட்டி, அவற்றைத் தொட்டு நிற்கிறது. சுரைக்குடுக்கைக்கு வயிறும் கழுத்தும் உண்டல்லவா? ஒரே வயிற்றுக்கு எட்டுக் கழுத்துக்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இது மெய்தானா? சோதித்துப் பார்க்கவேண்டும். 1959ஆம் ஆண்டில் ஷோன்பெர்க், மயிர்போல மெல்லிய செம்புப் படிகங்களை எடுத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுந்தடங்கும் மாபெரும் காந்தப்புலத்தில் வைத்துப் பார்த்தார். செம்பின் அலைவு அகப்பட்டது. ஒரு திசையில் புலத்தைச் செலுத்தியபோது விரைந்த அலைவு ஒன்றும் மெதுவான அலைவு ஒன்றும் சேர்ந்து தோன்றின. முன்னது வயிற்றுக்குரியது, பின்னது கழுத்துக்குரியது. வயிற்றின் பரப்பளவு கழுத்தினதைப்போல ஏறத்தாழ 27 மடங்கு. முற்றிலும் வேறான முறையில் பிப்பர்ட் கண்ட கழுத்து இங்கேயும் இருந்தது!

பின்னர் மூன்றாவது வழியும் வந்தது. ஒளிபட்டால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளியேறும் என்பதும், 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் அதை விளக்கினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். வெளிவரும் எலெக்ட்ரான் எத்திசையில், எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று அளந்தால், உள்ளே அது எந்நிலையில் இருந்தது என்று கணக்கிடலாம். எலெக்ட்ரான்களின் ஆற்றலை இவ்வாறு நுண்ணிதாக அளக்கும் துறையை வளர்த்தமைக்காக சுவீடன் நாட்டு கை சீக்பான் 1981ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இம்முறை செம்பிலும் அதே வயிற்றையும் அதே கழுத்தையும் காட்டுகிறது.

மாணவர்களின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. காந்தத்துக்கும் நுண்ணலைக்கும் ஒளிக்கும் தம்முள் ஒப்பந்தம் ஏதுமில்லை. தனித்தனியே கேட்ட மூன்று சாட்சிகளும் ஒரே உருவத்தைச் சொல்லுமாயின், அவ்வுருவத்தை வெறுங் கற்பனை என்று தள்ளிவிட இயலுமா? கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதும் மட்டுமே உண்மையென்று விஞ்ஞானம் கொள்வதில்லை. பல வழிகளில் அளந்தும் மாறாது நிற்பதையே அது உண்மை என்று ஏற்கிறது.

இதனால் பயன் என்ன என்று கேட்பாரும் உண்டு. சில உலோகங்கள் கடுங்குளிரில் மின்தடையை அறவே இழந்துவிடுகின்றன. அதற்குக் காரணம், பெர்மிப் பரப்பில் உள்ள எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைவதே என்று 1957ஆம் ஆண்டில் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் ஆகியோர் விளக்கினர். மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் பெரிய காந்தக் கருவிகளின் சுருள்களில் தடையின்றி ஓடும் மின்னோட்டம் அந்த இணைவின் விளைவே.

ஆயினும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மிகக் கடுங்குளிர் இல்லாமலே மின்தடை நீங்கும் செப்பு ஆக்சைடுப் பொருள்கள் 1986ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றின் பெர்மிப் பரப்பை ஒளியால் ஆராய்ந்தால், மூடாத வில்லைப்போல் துண்டு துண்டாகத் தெரிகிறது. ஆனால் 2007ஆம் ஆண்டில், அத்தகைய பொருள் ஒன்றில் வலிய காந்தப்புலத்தைச் செலுத்தி அலைவை எண்ணியவர்கள், சிறியதாயினும் மூடிய ஒரு பரப்பைக் கண்டனர். அந்தப் புலமே பரப்பின் உருவத்துக்கு ஒரு காரணமா? ஒளியின் பார்வைக்கு அகப்படாத பகுதி ஏதேனும் உண்டா? செம்பில் ஒத்துப்போன சாட்சிகள் இங்கே ஒத்துப்போகவில்லை, விவாதம் தொடர்கிறது.

சாட்சிகள் முரண்படும் இடத்தில் மனம் சோரவேண்டியதில்லை. உலோகம் ஏன் 9 கலோரி கேட்கவில்லை என்ற ஒரு முரண்பாட்டிலிருந்துதான் நான் இன்று சொன்ன இத்தனை அறிவும் பிறந்தது. இன்றைய முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு, அளவறிந்து பொறுமையோடு உழைக்கும் இளைஞர்கள் வேண்டும். அவர்களுள் சிலர் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களாக இருக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.